ஸ்னாப்ஷாட் இருந்தால் பேக்கப் வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேமிப்பக வலையமைப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். லன் (சர்வருக்குத் தனி டிஸ்க்காகத் தெரியும் சேமிப்புப் பகுதி) பிரிப்பதையும் சோனிங் (எந்தச் சர்வர் எந்தச் சேமிப்பகத்தை அணுகலாம் என்று வரையறுப்பது) செய்வதையும் புதியவருக்கும் புரியும்படி எழுதியிருந்தார்கள். ஆனால் ஸ்னாப்ஷாட்டும் (ஒரு கணத்தில் தரவு இருந்த நிலையின் பதிவு) ரெப்ளிகேஷனும் (தரவை வேறிடத்திலுள்ள சாதனத்துக்கும் தொடர்ந்து நகலெடுப்பது) அமைத்துவிட்டால் தனியாக பேக்கப் தேவையில்லை என்ற பொருளில் ஒரு வரி வந்திருந்தது. அதை நம்பி யாராவது பேக்கப்பை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சத்தில்தான் இதை எழுதுகிறேன்.

10 டெராபைட் லன்னுக்கும் சில நொடிகளில் ஸ்னாப்ஷாட் எடுத்துவிடலாம். அந்த நேரத்தில் தரவு எதுவும் நகலெடுக்கப்படுவதில்லை என்பதே அந்த வேகத்துக்குக் காரணம். எந்தத் தொகுதி (தரவின் சிறு துண்டு) எங்கே இருக்கிறது என்ற அட்டவணை மட்டும் அந்தக் கணத்தில் உறைகிறது. பிறகு ஒரு தொகுதி மாறும்போது, பழையதை ஸ்னாப்ஷாட்டுக்கென வைத்திருக்கும் ஒதுக்கீட்டு இடத்துக்கு எடுத்து வைத்துவிட்டுப் புதியதை எழுதும் சாதனங்கள் உண்டு; பழையதைத் தொடாமல் புதியதை வேறிடத்தில் எழுதுபவையும் உண்டு. எப்படியானாலும், மாறாத தொகுதிகள் மூல லன்னுக்கும் ஸ்னாப்ஷாட்டுக்கும் பொதுச் சொத்து. அந்த டிஸ்க் தொகுப்பு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஒதுக்கீட்டு இடம் நிரம்பினால் பழைய ஸ்னாப்ஷாட்டுகளைத் தாமாகவே அழித்துவிடும்படி பல சாதனங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. பணயத் தீநிரல் (தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர்) ஒன்று லன் முழுவதையும் மறையாக்கம் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தொகுதிகளும் மாறுகின்றன, ஒதுக்கீடு நிரம்புகிறது, நமக்கு மிகவும் தேவைப்படும் அந்த ஸ்னாப்ஷாட்தான் முதலில் காணாமல் போகிறது. ஒதுக்கீட்டின் அளவையும், குறிப்பிட்ட நாள்வரை யாராலும் அழிக்க முடியாதபடி ஸ்னாப்ஷாட்டைப் பூட்டும் வசதியையும் கட்டுரை தொடவே இல்லை.

ரெப்ளிகேஷன் என்பது தரவு மையமே முடங்கும்போது கைகொடுப்பது. உடனிகழ் முறையில், மறுமுனையும் எழுதி முடித்த பிறகே சர்வருக்குப் பதில் கிடைக்கும். கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 மைக்ரோநொடி ஆகிறது. 100 கிலோமீட்டர் போய்வர 1 மில்லிநொடி. ஒவ்வொரு முறை எழுதும்போதும் இந்தத் தாமதம் கூடும் என்பதால் தொலைவு அதிகமானால் மறுமுனைக்காகக் காத்திராத பின்தொடர் முறைக்குப் போக வேண்டியிருக்கிறது. அதில் கடைசிச் சில நொடிகளோ நிமிடங்களோ இழக்கத் துணிய வேண்டும். எந்த முறையானாலும், இங்கே தவறுதலாக அழித்தது அங்கேயும் அழியும். ரெப்ளிகேஷனுக்கு நல்ல மாற்றம் எது, கெட்ட மாற்றம் எது என்று தெரியாது.

மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததைப் பலர் அறிந்திருப்பார்கள். பின்தங்கிப்போன துணை டேட்டாபேஸைச் சரிசெய்ய முயன்ற பொறியாளர், முதன்மைச் சர்வரின் தரவையே தவறுதலாக அழித்துவிட்டார். அன்றாட பேக்கப் ஓடுவதாக நம்பியிருந்தார்கள். அது தோல்வியடைந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன் வேறொரு காரணத்துக்காக எடுத்து, சோதனைச் சர்வரில் ஏற்றி வைத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. ஸ்னாப்ஷாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். அது வேறொரு சர்வரில் இருந்தது என்பதையும் கவனியுங்கள்.

நான் பணியாற்றிய ஓரிடத்தில் டேட்டாபேஸின் தரவுக் கோப்புகள் ஒரு லன்னிலும் லாக் கோப்புகள் (மாற்றங்களின் வரிசைப் பதிவு) இன்னொரு லன்னிலும் இருந்தன. இரண்டுக்கும் ஸ்னாப்ஷாட் உண்டு. ஆனால் தனித்தனி நேரங்களில். நாள்தோறும் பச்சை விளக்கைப் பார்த்து நிம்மதியாக இருந்தோம். மீட்க வேண்டிய நாள் வந்தபோது டேட்டாபேஸ் திறக்க மறுத்தது. தரவு ஒரு நேரத்தையும் லாக் இன்னொரு நேரத்தையும் காட்டினால் அது எதை நம்பும்? முந்தைய வார டேப் பேக்கப்பிலிருந்து மீட்டு, இடைப்பட்ட நாள்களின் பதிவுகளை ஊழியர்கள் தாள்களைப் பார்த்துத் திரும்பவும் உள்ளிட்டார்கள். அவர்கள் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. இரண்டு லன்களையும் ஒரே ஒத்திசைவுக் குழுவில் சேர்த்து ஒரே கணத்தில் ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தால், மின்சாரம் போய் வந்த பிறகு எழுவதுபோல் டேட்டாபேஸ் தானே எழுந்திருக்கும். எழுதுவதைச் சற்று நிறுத்தி வைக்கும்படி டேட்டாபேஸிடம் முதலில் சொல்லிவிட்டு எடுப்பது இன்னும் பாதுகாப்பானது.

தொடர் கட்டுரை வெளியிடும் எண்ணம் இருந்தால், மீட்டுப் பார்க்கும் சோதனைக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். அதில், ஸ்னாப்ஷாட்டை மூல லன் இணைந்திருக்கும் அதே சர்வரில் இணைக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையும் இடம்பெறட்டும். இரண்டுக்கும் அடையாளக் குறி ஒன்றே என்பதால் இயங்குதளம் குழம்பும். சோதனைக்குப் போனவர் மூலத்தையே கெடுத்துக்கொண்டு திரும்பும் நிலை வரலாம்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
சேமிப்பக நிர்வாகி ஒருவர்