எந்தப் பிளாஸ்மா என்று எழுதிவிட்டுக் கேளுங்கள்

கேரளத்தின் எல்லையோரத் தமிழ்வழிப் பள்ளிகளுக்கு அறிவியல் பாடநூலும் வினாத்தாளும் தயாரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

சமீபத்தில் நடந்த அறிவியல் திறனறித் தேர்வின் அந்த மூன்று மதிப்பெண் கேள்வியைப் பற்றித்தான் எழுதுகிறேன். உங்களுக்கு விவரம் தெரியும். பெற்றோர் மனு கொடுத்தார்கள், அப்புறம் நாங்கள் ஆசிரியர்கள் சேர்ந்து கொடுத்தோம். "விடைக்குறிப்பே இறுதியானது" என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்த ஒரு வரியோடு விஷயத்தை முடித்துக்கொள்ள எங்களால் முடியவில்லை. தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

தமிழ்த் தாளில் இருந்த கேள்வி இதுதான்: "பிளாஸ்மா என்றால் என்ன? அதன் பயன்கள் இரண்டு எழுதுக." மலையாளத் தாளில் இதே கேள்விக்கு மேலே ஒரு சோதனைக் குழாயின் படம் இருக்கிறது. அடியில் சிவப்பணுக்கள் படிந்திருக்கின்றன, மேலே தெளிந்த திரவம் நிற்கிறது, திரவத்தை நோக்கி ஓர் அம்புக்குறி. கேள்வியும் "படத்தில் குறித்துள்ள" என்றுதான் தொடங்குகிறது. ஆங்கிலத் தாளிலும் அப்படியே. தமிழ்த் தாளில் மட்டும் படம் இல்லை. படம் இல்லாததால் "படத்தில் குறித்துள்ள" என்ற சொற்களையும் யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். நேரில் போய்க் கேட்டபோது, பக்கத்தில் இடம் போதவில்லை என்று சொன்னார்கள்.

படம் போனதோடு ரத்தமும் போய்விட்டது. மிச்சம் இருந்தது வெறும் பிளாஸ்மா.

பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி அதற்கு எழுதிய பதிலை இங்கே அப்படியே தருகிறேன். "வாயுவுக்கு மிக அதிகமான வெப்பமோ மின்சாரமோ கொடுத்தால் அதன் அணுக்களில் இருந்து எலக்ட்ரான்கள் பிரிந்துவிடும். அந்த நிலைக்குப் பிளாஸ்மா என்று பெயர். இது பொருளின் நான்காம் நிலை. சூரியனும் மின்னலும் பிளாஸ்மா. பயன்கள்: 1. இரும்புத் தகடு வெட்டுவது. 2. டியூப் லைட்." இதன் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. ஓரத்தில் "ரத்தம்" என்று ஒரே ஒரு சொல். மூன்றுக்குப் பூஜ்யம்.

இந்தப் பதிலில் தவறு எங்கே இருக்கிறது என்று உங்கள் குழுவில் உள்ள இயற்பியல் ஆசிரியர் யாராவது காட்டட்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிடச் சுத்தமாக எழுத வராது.

அவளுடைய அப்பா கஞ்சிக்கோட்டில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். அவர் வேலையே பிளாஸ்மா கட்டிங். அழுத்தக் காற்றை ஒரு சின்ன வாய் வழியாகச் செலுத்தி, அதில் மின்வில் எனப்படும் தொடர் மின்பொறியைப் பாய்ச்சினால், அந்தக் காற்று பத்தாயிரம் டிகிரிக்கு மேல் சூடேறிப் பிளாஸ்மா ஆகிறது. அது பட்ட இடத்தில் இரும்பு உருகி வழிய, வீசும் காற்று உருகியதைத் தள்ளிவிடுகிறது. விரல் மொத்தத் தகடு துணியைக் கத்தரித்தது போல இரண்டாகும். கறுப்புக் கண்ணாடி போடாமல் அதைப் பார்க்கக் கூடாது. மகள் சோறு கொண்டுபோன ஒரு நாளில் கண்ணாடியைக் கொடுத்துக் காட்டியிருக்கிறார். "இதுவும் சூரியனும் ஒரே சாதியாம்மா" என்று அவர் சொன்னதை அவள் வகுப்பில் வந்து சொன்னாள். நான்தான் அன்றைக்கு அதை வைத்தே பொருளின் நான்காம் நிலையை நடத்தினேன்.

விடைத்தாளின் நகல் கைக்கு வந்த அன்று அவர் வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். சட்டையெல்லாம் இரும்புத் தூள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க டீச்சர், அப்ப நான் தினமும் வெட்டறது பிளாஸ்மா இல்லீங்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அரசாங்கம் நடத்துகிற தேர்வில் தப்பு என்று போட்டிருந்தால் தப்பாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற மனிதர் அவர். தான் மகளுக்குப் பொய் சொல்லிக்கொடுத்துவிட்டோமோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. பூஜ்யத்தைவிட எனக்கு அதுதான் தாங்கவில்லை.

தாளைத் திருத்தியவரை நான் குறை சொல்லவில்லை. அவர் கையில் கொடுத்த குறிப்பில் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. ரத்தத்தின் திரவப் பகுதி, ஏறத்தாழ 55 சதவீதம், அதில் பெரும்பங்கு நீர், அல்புமின் முதலிய புரதங்கள், உணவுச் சத்துகளையும் கழிவுகளையும் கடத்துகிறது. எல்லாம் சரி. மலையாளத் தாளில் இருந்த கேள்விக்கு அது முழுமையான பதில். தமிழ்த் தாளில் இருந்த கேள்விக்கு அது சரியான பதில்களில் ஒன்று, அவ்வளவுதான்.

பிளாஸ்மா என்று மொட்டையாகச் சொன்னால் எந்தத் துறைக்காரருக்கும் தன் துறைதான் நினைவுக்கு வரும். 2020-இல் கொரோனா சமயத்தில் பிளாஸ்மா சிகிச்சை, பிளாஸ்மா தானம் என்று வீடுவீடாகப் பேசினார்கள். அது குணமானவர்களின் ரத்தத்தில் இருந்து எடுத்த பிளாஸ்மா. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் செய்த ஆய்வில் அந்தச் சிகிச்சையால் நோய் முற்றுவதோ சாவதோ குறையவில்லை என்று தெரிந்தது. 2021 மே மாதம் சிகிச்சை நெறிமுறையில் இருந்தே அதை எடுத்துவிட்டார்கள். மழைக்காலத்தில் டெங்கு வார்டில் டாக்டர் "பிளாஸ்மா கசிகிறது" என்றால் அதுவும் ரத்தத்தில் உள்ளதுதான், நாளத்தை விட்டு வெளியே போகிறது. ஆனால் செல் உயிரியலில் பிளாஸ்மா சவ்வு என்றால் செல்லின் வெளியுறை, ரத்தத்தோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. விவசாய ஆராய்ச்சியில் ஜெர்ம்பிளாசம் என்றால் பாதுகாத்து வைக்கும் மரபுவளம். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் தன் கரும்பு ஜெர்ம்பிளாசத்தின் பெரும் தொகுப்பை நம் கண்ணூரில்தான் வளர்த்துப் பாதுகாக்கிறது.

இயற்பியலுக்கு வந்தால், 1928-இல் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர் அயனியான வாயுவுக்கு, அதாவது அணுக்களில் இருந்து எலக்ட்ரான்கள் பிரிந்த வாயுவுக்கு, பிளாஸ்மா என்று பெயர் வைத்தார். அவரோடு வேலை செய்த மாட்-ஸ்மித் பிற்காலத்தில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ரத்தப் பிளாஸ்மா ரத்த அணுக்களைச் சுமந்து போவதைப் போல இந்த வாயு எலக்ட்ரான்களையும் அயனிகளையும் சுமப்பது லாங்மியூருக்கு நினைவு வந்ததாம். அதன் விளைவாக, அவர்கள் கட்டுரைகளின் பிரதிகளைக் கேட்டு மருத்துவ இதழ்களிடம் இருந்து பல வருஷம் கடிதங்கள் வந்து தொல்லையாகிவிட்டதாம். படித்து முடித்து இதழ் நடத்துகிறவர்களுக்கே எந்தப் பிளாஸ்மா என்று பிடிபடாத இடத்தில், பதினைந்து வயதுப் பிள்ளை படம் இல்லாத தாளைப் பார்த்து உங்கள் மனதில் இருந்த பிளாஸ்மாவைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்கிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1963 நவம்பர் 21-இல் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவில் இருந்து முதல் ராக்கெட் விட்டார்களே, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால்தான். அங்கே மேல்வானத்தில், அயனி மண்டலத்தில், ஓடுகிற மின்னோட்டத்தை ஆராய வேண்டியிருந்தது. அயனி மண்டலம் என்பது பிளாஸ்மா. 2023 செப்டம்பரில் சூரியனை ஆராயக் கிளம்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தில் 'பாபா' (PAPA: Plasma Analyser Package for Aditya) என்ற கருவி இருக்கிறது. அதன் பெயரிலேயே பிளாஸ்மா உண்டு. சூரியனில் இருந்து வீசும் காற்றின் எலக்ட்ரான்களையும் அயனிகளையும் அளக்கும் அந்தக் கருவியைச் செய்தது திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் ஆய்வகம். ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநராக இருந்த நிகார் ஷாஜி செங்கோட்டைக்காரர். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த, இன்றும் கேரள எல்லையை ஒட்டியிருக்கிற செங்கோட்டை. எங்கள் பிள்ளை எழுதிய பிளாஸ்மாவை ஆராய்வதற்கு இந்த மாநிலத்தில் அவ்வளவு பெரிய ஆய்வகம் இருக்கிறது. அதே மாநிலத்தின் தேர்வுத்தாளில் அது தவறான விடை.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான். வினாத்தாளிலும் பாடநூலிலும் பிளாஸ்மா என்று வரும் இடத்தில் எந்தப் பிளாஸ்மா என்பதைச் சேர்த்து எழுதுங்கள். ரத்தப் பிளாஸ்மா என்று எழுத ஒரு சொல்தான் கூடும். பக்கத்தில் அதற்கு இடம் இருக்கும்.

இது பிளாஸ்மாவோடு நிற்கிற விஷயம் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். நியூக்ளியஸ் என்றால் அணுவிலும் உண்டு, செல்லிலும் உண்டு. தமிழில் அதை உட்கரு என்றும் அணுக்கரு என்றும் மாற்றி மாற்றிப் போடுகிறீர்கள். ஒரே புத்தகத்தில் ஒரு பாடத்தில் குருதி நீர்மம், அடுத்த பாடத்தில் பிளாஸ்மா. இரண்டும் ஒன்றுதான் என்று பிள்ளைக்கு யார் சொல்வது? பள்ளி திறந்து மழையும் பிடித்த பிறகுதான் பல வருஷங்களில் தமிழ்ப் புத்தகம் எங்கள் கைக்கு வருகிறது. அதுவரை பொள்ளாச்சியில் இருந்து தமிழ்நாட்டுப் புத்தகத்தை வாங்கி வந்து சமாளிக்கிறோம். அதில் கலைச்சொற்கள் வேறு, பாட வரிசை வேறு. தமிழே தெரியாத ஆசிரியரைத் தமிழ்வழி வகுப்புக்குப் போடுகிறார்கள். அவர் மலையாளத்தில் சொல்ல, பிள்ளைகள் தங்களுக்குள் தமிழாக்கி எழுதிக்கொள்கிறார்கள். வருஷா வருஷம் மனு கொடுக்கிறோம். தலைமுறை தலைமுறையாக இங்கேயே உழுது, இங்கேயே ஓட்டுப் போடுகிறோம். ஆனால் ஒரு கேள்விக்கு முழுப் படம் அச்சடித்துக் கேட்பதற்குக்கூட எங்கள் பிள்ளைகளுக்கு இடம் போதவில்லை என்ற பதிலைத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. தமிழ்வழியில் சேர்க்கை குறைகிறது என்று கூட்டத்தில் நீங்களே கவலைப்படுகிறீர்கள். அந்தப் பிள்ளையின் தங்கையை இந்த வருஷம் ஆங்கிலவழிக்கு மாற்றிவிடலாமா என்று அவள் அம்மா என்னிடம் கேட்கிறார். நான் என்ன பதில் சொல்வது?

மன்னியுங்கள். ஒரு கேள்வியைப் பற்றி எழுத வந்து எங்கள் குறையை எல்லாம் கொட்டிவிட்டேன். கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன்.

தமிழ்த் தாளில் அந்தக் கேள்விக்கு அயனியான வாயு என்று பதில் எழுதிய எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிப்பெண் கொடுங்கள். எங்கள் ஊரில் ஒருத்திதான் எனக்குத் தெரியும். தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் இன்னும் எத்தனை பேர் அப்படி எழுதினார்களோ, விடைத்தாள்கள் உங்களிடம்தான் இருக்கின்றன. மலையாளத் தாளில் உள்ள படமும் அட்டவணையும் தமிழ்த் தாளில் ஒன்று விடாமல் வர வேண்டும். அச்சுக்குப் போகும் முன் தமிழ்த் தாளை, தமிழில் அறிவியல் நடத்துகிற ஆசிரியர் ஒருவர் தனியாக உட்கார்ந்து படித்துப் பார்க்கட்டும். மூலத்தைப் பார்க்காமல், பிள்ளை படிப்பது போலத் தமிழ்த் தாளை மட்டும். அப்படிப் படித்திருந்தால் "எந்தப் பிளாஸ்மா?" என்று அவரே கேட்டிருப்பார். இந்த வேலைக்கு எங்கள் வட்டத்து ஆசிரியர்கள் விடுமுறை நாளிலும் வரத் தயாராக இருக்கிறார்கள். படிச் செலவுகூட வேண்டாம்.

மறுபடியும் சொல்கிறேன்: எந்தப் பிளாஸ்மா என்று எழுதிவிட்டு அப்புறம் கேளுங்கள். எங்கள் பிள்ளைகள் இரண்டுக்கும் பதில் எழுதுவார்கள்.

அந்த அப்பாவுக்கு நான் அன்றே பதில் சொல்லிவிட்டேன். நீங்கள் வெட்டுவது பிளாஸ்மாதான், உங்கள் மகள் எழுதியது சரிதான் என்று சொன்னேன். தலையாட்டினார், ஆனால் முழுசாக நம்பியதாகத் தெரியவில்லை. உங்களிடம் இருந்து எழுத்தில் வந்தால் நம்புவார். அடுத்த தேர்வுக்கு முன்னால் அந்தக் கடிதத்தை அனுப்பி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்வழி அறிவியல் ஆசிரியை ஒருவர்,
சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்.