இரண்டு எபர்ஹார்டுகள்: வரலாறு எழுதும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

இன்றைய தென்மேற்கு ஜெர்மனியில் இருந்த வூர்ட்டம்பெர்க் நாட்டை ஆண்ட ‘தாடிக்கார’ எபர்ஹார்டைப் பற்றி எழுதப்போவதாகச் சொன்னாய். மகிழ்ச்சி. முதலில் பெயர்க்குழப்பத்தைத் தீர்த்துக்கொள். அவர் பிரபுவாக இருந்தவரை ஐந்தாம் எபர்ஹார்ட். 1495-இல் வோர்ம்ஸ் நகரில் கூடிய பேரரசுப் பேரவையில், பிரபுவுக்கு மேலான டியூக் பட்டம் பெற்றதும் முதலாம் எபர்ஹார்ட். அவருடைய சித்தப்பா மகனும் எபர்ஹார்ட்தான். பிரபுவாக ஆறாமவர், டியூக்காக இரண்டாமவர். இதைக் கவனிக்காமல்தான் பலர் ஒருவர் செயலை இன்னொருவர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

அவர் நிறுவிய டூபிங்கன் பல்கலைக்கழகத்திலிருந்து கட்டுரையைத் தொடங்காதே. 1442-இல் நடந்த பாகப்பிரிவினையிலிருந்து தொடங்கு. அவருடைய அப்பா லுட்விக்குக்கு உராஹ் பக்கம், சித்தப்பா உல்ரிக்குக்கு ஸ்டுட்கார்ட் பக்கம் என்று நாடு இரண்டானது. அதை ஒட்டவைத்தது 1482 டிசம்பர் 14 அன்று கையெழுத்தான முன்சிங்கன் ஒப்பந்தம். இரு எபர்ஹார்டுகளில் மூத்தவரான தாடிக்காரர் உயிரோடு இருக்கும்வரை இரு பகுதிகளையும் அவரே ஆள்வார். அவருக்குப் பின் இளையவரான சித்தப்பா மகன். நாடு இனிப் பிரிக்கப்படாது. தலைநகர் ஸ்டுட்கார்ட். மடாதிபதிகளும் வீரப்பிரபுக்களும் நகரப் பிரதிநிதிகளும் இதில் பங்கேற்றார்கள். அதை அழுத்திச் சொல், பின்னால் நாட்டைக் காத்தது அதுதான்.

இளையவர் சும்மா இருக்கவில்லை. விட்டுக்கொடுத்ததைத் திரும்பக் கேட்டார். 1485, 1489, 1492 என்று ஒப்பந்தங்கள் அடுக்கடுக்காக வந்தன. எஸ்லிங்கனில் 1492-இல் எழுதியதுதான் முக்கியம்: மூத்தவர் காலமான பிறகு, இளையவர் 12 பேர் கொண்ட ஆட்சிக்குழுவோடு சேர்ந்துதான் ஆள வேண்டும். தனக்குப் பின் வரப்போகிறவரை நம்பாமல், கையோடு கடிவாளத்தையும் செய்து வைத்துவிட்டுப் போனார் எபர்ஹார்ட். இதுவே அவர் ஆட்சியின் ஆகப்பெரிய சாதனை என்பது எங்கள் கருத்து.

பல்கலைக்கழகம் 1477-இல் வந்தது. பணம் எங்கிருந்து என்று கேள். சிண்டெல்ஃபிங்கனில் இருந்த திருச்சபைக் குருமார் அமைப்பின் வருமானத்தில் பெரும்பகுதியை, போப் நான்காம் சிக்ஸ்டஸின் அனுமதியோடு டூபிங்கனுக்கு மாற்றினார்கள்; பேராசிரியர்களின் ஊதியம் அதிலிருந்து போனது. அதே 1477-இல் அவர் வழங்கிய உரிமைப் பத்திரம் யூதர்கள் டூபிங்கனில் குடியிருக்கக் கூடாது என்றது. 1492 உயிலில் அந்தத் தடையை நாடு முழுமைக்கும் விரித்தார். இதை அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடாதே. கல்லூரி கட்டிய அதே கைதான் இதையும் எழுதியது.

கட்டுரையை 1496 பிப்ரவரியில், அவர் மறைவோடு முடிக்காதே. இன்னும் இரண்டு ஆண்டு நகர்த்து. 1498-இல், முன்சிங்கனில் பங்கேற்ற அதே பிரிவினரின் சபையே இரண்டாம் எபர்ஹார்டைப் பதவியிறக்கி, அவருடைய தம்பி மகனான 11 வயது உல்ரிக்கை டியூக்காக ஏற்றது. நாடு மட்டும் மறுபடி பிரியவில்லை.

அன்புடன்.