விண்டோஸைக் கைவிடத் தடுப்பது பழைய தமிழ்க் கோப்புகளே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றன. இன்டெல் 8ஆம் தலைமுறைச் செயலிக்கு முந்திய கணினிகளை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்பதில்லை. நன்றாக ஓடும் மடிக்கணினியைத் தூக்கிப்போட மனமில்லாமல் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்குப் போகிறவர்களில் பலர் சில நாளில் திரும்பிவிடுகிறார்கள். பழி லினக்ஸ் மேல் விழுகிறது. சிங்கப்பூர் அரசின் மின்னடையாளமான சிங்பாஸ், மத்திய சேமநிதி, வங்கிக் கணக்கு எல்லாம் பிரவுசரில் நடப்பவை; அங்கே ஒன்றும் மாறாது. நம்மவர்கள் மாட்டிக்கொள்வது தமிழ்க் கோப்புகளில்.

எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்குமுன் சங்கங்களும் ஆலயங்களும் தட்டச்சு செய்துவைத்த பட்டியல்களும் அறிக்கைகளும் பல, திஸ்கி போன்ற பழைய குறியீடுகளில் உள்ளவை. அதற்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் தெரியாது. கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான் வரும். கோப்பு கெட்டுவிட்டதென்று அழித்துவிட வேண்டாம். விண்டோஸ் இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றி, ர, ண, ன சரியாக வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். யூனிகோடிலும் ஒரு தொல்லை உண்டு. விண்டோஸின் லதா எழுத்துருவில் அமைத்த அழைப்பிதழை லினக்ஸில் திறந்தால், லதா அங்கே இல்லாததால் வேறோர் எழுத்துரு வந்து உட்காரும். எழுத்தின் அகலம் மாறி, ஒரு பக்கம் ஒன்றரைப் பக்கமாகும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை இரு கணினியிலும் நிறுவி, கோப்பையும் அதிலேயே அமைத்துக்கொண்டால் இது தீரும்.

தமிழ்99 விசைப்பலகை பழகியவர்கள், லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்டில் தமிழ்த் தட்டச்சுக்கான ஐபஸ்-எம்17என் தொகுப்பை நிறுவி, ஐபஸ் அமைப்பில் தமிழ்99ஐச் சேர்த்து, கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி உள்ளே வர வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டுத்தான் 'தமிழ் வரமாட்டேன் என்கிறது' என்பார்கள்.

நிறுவுவதற்குமுன் 8 ஜிபி பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, முக்கியமாக அச்சுப்பொறி வேலை செய்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். அதற்குமுன் இரண்டு காரியம். வட்டு விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் கை வைத்த பிறகு விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். விண்டோஸை விரைவாகத் தொடங்க வைக்கும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியையும் அணையுங்கள். இல்லையென்றால் லினக்ஸிலிருந்து விண்டோஸ் வட்டைப் படிக்கலாம், எழுத முடியாமல் போகலாம்.

இயங்குதளத்தையும் மென்பொருள்களையும் ஒரே நாளில் மாற்றுவதுதான் பெரிய தவறு. லினக்ஸில் பயன்படும் லிப்ரே ஆபிஸ் (ஆவணங்களுக்கு), தண்டர்பேர்டு (மின்னஞ்சலுக்கு) இரண்டும் விண்டோஸிலும் ஓடும். இரண்டு மூன்று மாதம் அங்கேயே பழகிக்கொள்ளலாம். எக்ஸெல் மேக்ரோவையோ ஃபோட்டோஷாப்பையோ நம்பித் தொழில் செய்பவர்கள், லினக்ஸில் ஓடாத தேர்வு மென்பொருள் தேவைப்படும் மாணவர்கள் ஆகியோருக்கு இந்த மாற்றம் சரிவராது. அவர்கள் விண்டோஸ் 11 ஏற்கும் கணினி வாங்குவதே நல்லது.

கணினிப் பராமரிப்புத் துறை வாசகர்,
ஈசூன்