லுக் ஆஃப்டர் என்றால் பின்னால் பார்ப்பதல்ல: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு,

வணக்கம்.

இந்தப் பருவத்து ஆங்கில விடைத்தாள்களில் ஒரே வகைத் தவறு மூன்று வகுப்புகளிலும் வந்திருக்கிறது. 'மை கிராண்ட்மதர் லுக்ஸ் ஆஃப்டர் மீ' என்ற வரிக்கு 'பாட்டி எனக்குப் பின்னால் பார்க்கிறார்' என்று எழுதியிருக்கிறார்கள். லுக் தெரிகிறது, ஆஃப்டர் தெரிகிறது. இரண்டும் சேர்ந்தால் 'பார்த்துக்கொள்கிறார்' என்று ஆவது தெரியவில்லை. எழுதியவர்களில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் உண்டு.

இத்தகைய சொற்களுக்கு ஃப்ரேசல் வெர்ப் என்று பெயர். கிவ், புட், டேக், கெட் போன்ற எளிய வினைச்சொல்லோடு அப், ஆஃப், அவுட், டவுன் போன்ற ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டு, இரண்டும் சேர்ந்து புதுப்பொருள் தரும். வேற்றுமொழிக்காரர்களை ஆங்கிலத்தில் மிகவும் திணறவைப்பது இதுதான் என்று 1755-இல் வெளியான தம் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன் குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே உங்கள் பிள்ளை இதில் தடுமாறினால் மந்தம் என்று நினைத்துவிட வேண்டாம்.

முதலில் ஒரு வேண்டுகோள். 'ஐந்நூறு ஃப்ரேசல் வெர்ப்கள்' என்ற மாதிரிப் புத்தகம் வாங்கி, தினம் ஒரு பக்கம் ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் வினைச்சொல் வரிசையில் இருக்கும். கெட் அப், கெட் ஆன், கெட் ஆஃப், கெட் ஓவர், கெட் பை, கெட் அவே என்று பத்தும் ஒரே பக்கத்தில் வரும். ஒரே சாயலுள்ள பத்துப் பேரை ஒரே நாளில் அறிமுகம் செய்தால் யார் பெயர் யாருக்கு என்று நமக்கே குழம்பும் அல்லவா? பிள்ளைக்கும் அதுதான் நடக்கிறது. அன்று மாலை ஒப்பித்துவிடும். மறுவாரம் கெட் ஓவரும் கெட் பையும் இடம் மாறிவிடும். பட்டியலில் 'டேக் ஆஃப் – கழற்று, புறப்படு' என்று மட்டும் இருப்பதால், பஸ் புறப்பட்டதற்கும் டேக் ஆஃப் என்று எழுதும். அது விமானம் தரையைவிட்டு மேலெழும்புவதற்கு உரியது.

சரி, எப்படித்தான் சொல்லித் தருவது? தமிழிலிருந்தே தொடங்கலாம். நம் பிள்ளைகள் இந்த வித்தையைப் பேசத் தொடங்கிய நாள் முதல் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். 'கண்டுபிடி' என்ற சொல்லில் கண்ணால் காண்பதும் இல்லை, கையால் பிடிப்பதும் இல்லை. 'கைவிடு' என்பதில் கை இல்லை. 'விட்டுக்கொடு' என்றால் எதையும் கையில் எடுத்துக் கொடுப்பதில்லை. கண்டுபிடி என்பதற்கு ஃபைண்ட் அவுட், கைவிடு என்பதற்கு கிவ் அப், விட்டுக்கொடு என்பதற்கு கிவ் இன். 'தள்ளிப்போடு' என்பது இன்னும் அழகாகப் பொருந்தும்: புட் என்றால் போடு, ஆஃப் என்றால் தள்ளி, புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடு. தமிழில் முன்னால் வருவது ஆங்கிலத்தில் பின்னால் வருகிறது, அவ்வளவே. இதைச் சொன்னதும் 'இது நம்மகிட்டயும் இருக்கே' என்ற எண்ணம் பிள்ளைக்கு வரும். அந்த எண்ணம் வந்துவிட்டால் பயம் பாதி குறைந்துவிடும்.

ஒட்டும் சின்னச் சொற்களுக்கும் ஓரளவு சொந்தக் குணம் உண்டு. அப் பல இடங்களில் மிச்சமில்லாமல் முடிப்பதைக் காட்டும்: ஈட் அப், டிரிங்க் அப், யூஸ் அப். தமிழில் சாப்பிட்டுவிடு, குடித்துவிடு, தீர்த்துவிடு என்று 'விடு' போடுகிறோமே, அந்த வேலைதான். ஆன் தொடர்ந்து நடப்பதைக் காட்டும்: கோ ஆன், கேரி ஆன், கீப் ஆன். பேக் என்றால் திரும்ப: கிவ் பேக், கால் பேக். அவே என்றால் அப்பால்: த்ரோ அவே, ரன் அவே. எல்லாவற்றையும் இப்படிப் பிரித்துப் பொருள் சொல்லிவிட முடியாது; கிவ் அப் என்பதில் 'மேலே' என்பதைத் தேடினால் கிடைக்காது. பொருந்துகிற இடத்தில் பிடித்துக்கொள்ளவும், பொருந்தாத இடத்தில் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் வகுப்பில் பழக்குகிறோம்.

இனி, வீட்டில் தினமும் காதில் விழும் தவறுக்கு வருகிறேன். 'ஃபேனை ஆஃப் பண்ணு' என்று தமிழில் சொல்கிறோம். அதில் வினைச்சொல் 'பண்ணு'. பிள்ளை ஆங்கிலம் பேசும்போது 'பண்ணு' கழன்றுபோய் 'ஆஃப் த ஃபேன்' என்று வந்துவிடுகிறது. வாக்கியத்தில் வினையே இல்லை. ஸ்விட்ச் ஆஃப் அல்லது டர்ன் ஆஃப் என்று முழுதாகச் சொல்ல வேண்டும். அதேபோல 'லைட்டைப் போடு' என்பது 'புட் த லைட்' ஆகிறது. 'குழாயை மூடு' என்பது 'க்ளோஸ் த டாப்' ஆகிறது. ஸ்விட்ச் உள்ள எதற்கும் ஸ்விட்ச் ஆன், ஸ்விட்ச் ஆஃப் சரி. குழாய்க்கும் கேஸ் அடுப்புக்கும் ஸ்விட்ச் பொருந்தாது, அங்கே டர்ன் ஆன், டர்ன் ஆஃப் சொல்ல வேண்டும். டர்ன் என்பது இரண்டு இடத்திலும் செல்லும் என்பதால் முதலில் அதையே கற்றுத் தருகிறோம்.

அடுத்தது, பெயருக்குப் பதிலாக வரும் இட் (அது), தெம் (அவர்களை), ஹிம் (அவனை) போன்ற சொற்கள் நிற்கும் இடம். மதிப்பெண் அதிகம் போவது இங்கேதான். 'டர்ன் ஆஃப் த ஃபேன்' சரி, 'டர்ன் த ஃபேன் ஆஃப்' என்பதும் சரி. ஆனால் ஃபேனுக்குப் பதில் இட் வந்தால் நடுவில் மட்டுமே நிற்கும்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' தவறு. எல்லா ஃப்ரேசல் வெர்பும் இப்படிப் பிரியாது. லுக் ஆஃப்டர், லுக் ஃபார் (தேடு), கம் அக்ராஸ் (தற்செயலாகக் காண்) ஆகியவை ஒட்டியே நிற்கும்: 'லுக் ஆஃப்டர் ஹெர்' சரி, 'லுக் ஹெர் ஆஃப்டர்' தவறு. ரன் அவுட் ஆஃப் (தீர்ந்துபோ), புட் அப் வித் (பொறுத்துக்கொள்) போன்ற மூன்று சொல் கூட்டங்களும் பிரியாது. எது பிரியும், எது பிரியாது என்று ஊகிக்க வேண்டியதில்லை. மாணவர்களுக்கான நல்ல ஆங்கில அகராதியே காட்டிக்கொடுக்கும். ஃப்ரேசல் வெர்பை அதன் வினைச்சொல்லின் கீழே, அந்தச் சொல்லின் மற்றப் பொருள்கள் முடிந்தபிறகு தேட வேண்டும். புட் ஆஃப் வேண்டுமானால் புட் என்ற சொல்லுக்குப் போங்கள், ஆஃப் என்ற சொல்லுக்கு அல்ல. அங்கே சம்திங் என்ற சொல் நடுவில் அச்சாகியிருந்தால் அது பிரியும். கடைசியில் மட்டும் இருந்தால் பிரியாது. சில அகராதிகளில் இரண்டு பக்கமும் முனையுள்ள அம்புக்குறி போட்டிருப்பார்கள். அந்த இடத்தில் முன்னும் பின்னும் மாற்றலாம் என்று பொருள்.

காலம் காட்டும் மாற்றம் வினைச்சொல்லில்தான் வரும், ஒட்டுச்சொல் அசையாது. டர்ன்ட் ஆஃப், பிரோக் டவுன், ரேன் அவுட் ஆஃப் என்று எழுத வேண்டும்.

நம் ஊரில் புழங்கும் சில வழக்குகளையும் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது. பஸ்ஸிலிருந்து இறங்குவதை 'கெட் டவுன்' என்கிறோம். இங்கே எல்லோருக்கும் புரியும். ஆனால் பொது ஆங்கிலத்தில் மரத்திலிருந்தோ மதில்மேலிருந்தோ இறங்கினால்தான் கெட் டவுன். பஸ், ரயில், சைக்கிளுக்கு கெட் ஆன், கெட் ஆஃப். கார், ஆட்டோவுக்கு கெட் இன், கெட் அவுட். எழுந்து நிற்கக்கூடிய வண்டிக்கும் மேலே ஏறி உட்காரும் வண்டிக்கும் ஆன். உள்ளே நுழைந்து உட்கார மட்டுமே முடிகிற வண்டிக்கு இன். 'பாஸ்ட் அவுட்' என்று படிப்பு முடித்ததைச் சொல்கிறோம். வெளிநாட்டில் இருப்பவர் காதில் அது 'மயங்கி விழுந்தேன்' என்று விழக்கூடும். சமாளிப்பதைச் சொல்லும் 'கோப் அப் வித்' என்பதில் அப் வேண்டாம், 'கோப் வித்' போதும். கோடிட்ட இடம் 'ஃபில் இன் த பிளாங்க்ஸ்'. ஃபில் அப் என்பது குடத்தையோ பெட்ரோல் டேங்கையோ நிரப்புவதற்கு. படிவத்துக்கு ஃபில் இன், ஃபில் அவுட் இரண்டும் செல்லும்.

புட் ஆஃபும் கால் ஆஃபும் குழம்பினால் செய்தியே மாறிவிடும். மேட்ச் புட் ஆஃப் என்றால் இன்னொரு நாள் நடக்கும். கால் ஆஃப் என்றால் நடக்காது, ரத்து. புட் ஆன், வேர் இரண்டுக்கும் தமிழ் உதவும்: 'சட்டை போட்டுக்கொள்' என்பது புட் ஆன், 'சட்டை போட்டிருக்கிறான்' என்பது வேரிங். முதலாவது செயல், இரண்டாவது நிலை.

எழுத்தில் தெரிந்த சொல் காதில் விழும்போது நழுவுவதற்கும் காரணம் இருக்கிறது. பிக், அப் இரண்டும் சேர்ந்து பிக்கப் என்று ஒலிக்கும். 'டேக் இட் ஆஃப்' என்பது டேக்கிட்டாஃப் என்று ஒரே மூச்சில் வரும். கடல், அலை சேர்ந்து கடலலை ஆகிறதே, தமிழ் வகுப்பில் படிக்கும் அந்தப் புணர்ச்சிதான் இதுவும். எனவே புதுச் சொல்லைப் பிரித்துப் பிரித்து வாசிக்க விடாமல், வாக்கியத்தோடு சேர்த்து மூன்று முறை வாய்விட்டுச் சொல்ல வைக்கிறோம்.

எங்கே எதைப் பயன்படுத்துவது என்பதும் கேட்கத் தகுந்த கேள்வி. பேச்சிலும் நண்பனுக்கு எழுதும் கடிதத்திலும் புட் ஆஃப் இயல்பாக இருக்கும். அலுவலகக் கடிதத்தில் போஸ்ட்போன் பொருத்தம். தள்ளிப்போடு, ஒத்திவை இரண்டையும் தமிழில் இடமறிந்து சொல்வதுபோலத்தான்.

வரும் திங்கள் முதல் வாரம் ஐந்து ஃப்ரேசல் வெர்ப் மட்டும் நடத்துகிறோம். முப்பது வாரத்தில் நூற்றைம்பது வரும். இந்த வயதுக்கு அது போதும். ஐந்தும் வேறுவேறு வினைச்சொல்லாக இருக்கும்படி ஆசிரியர்கள் தேர்ந்திருக்கிறார்கள். இதற்கென ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். இடப்பக்கத்தில் முழு ஆங்கில வாக்கியம், வலப்பக்கத்தில் நம் வீட்டில் சொல்கிறபடியான தமிழ். தனிச் சொல்லும் தனிப் பொருளும் எழுதக்கூடாது. அதன்கீழ் அதே வாக்கியம் இட் அல்லது ஹெர் போட்டு ஒருமுறை, இறந்தகாலத்தில் ஒருமுறை. மறுநாளும் நான்காம் நாளும் ஏழாம் நாளும் பழைய பக்கத்தைப் புரட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை ஆசிரியர் தமிழில் ஒரு சூழ்நிலை சொல்வார், பிள்ளை ஆங்கிலத்தில் வாக்கியம் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் உதவ முடியும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று நிமிடம் போதும். வலப்பக்கத்தை நீங்கள் வைத்துக்கொண்டு தமிழ் வாக்கியத்தைச் சொல்லுங்கள். பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லட்டும். பிறகு இடப்பக்கத்தை இருவரும் சேர்ந்து பாருங்கள். 'ஆஃப் த ஃபேன்' என்று வந்தால், 'வினைச்சொல் எங்கேப்பா?' என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை தானே திருத்திக்கொள்ளும். 'இதுக்கு அர்த்தம் என்ன?' என்று கேட்பதைவிட 'இதை எப்போ சொல்லுவே?' என்று கேட்பது நல்லது. விருந்தாளிகள் முன்னால் சொல்லச் சொல்லிச் சோதிக்க வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம். அங்கே ஒருமுறை நாக்குக் குழறினால் பிள்ளை அந்தச் சொல்லையே பிறகு தொடாது.

முதல் வாரத்துக்குரியவை டர்ன் ஆஃப், லுக் ஆஃப்டர், புட் ஆன், ஃபில் இன், ரன் அவுட் ஆஃப். கடைசிச் சொல்லுக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். 'அரிசி தீர்ந்துவிட்டது' என்பதில் தீர்வது அரிசி. ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஆளை வைத்துச் சொல்வார்கள்: 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் ரைஸ்'. பிள்ளைகள் 'ரைஸ் இஸ் ஓவர்' என்பார்கள். சமையலறையில் எது தீர்ந்தாலும் அந்த நேரத்திலேயே இந்த வாக்கியத்தைச் சொல்ல வையுங்கள்: உப்பு, சர்க்கரை, காபித்தூள், கேஸ். வாரத்தில் நான்கைந்து முறை வாய்ப்பு வரும்.

நோட்டைத் திங்கட்கிழமை காலை கொடுத்தனுப்புங்கள். ஐயம் இருந்தால் பள்ளி முடிந்ததும் மாலை ஐந்து மணி வரை வகுப்பு ஆங்கில ஆசிரியரைச் சந்திக்கலாம். பிள்ளையின் நோட்டையும் கூடவே எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்