ஞாயிறு அரிச்சல்முனை ஓட்டம்: வண்டியைச் சரிபார்த்து வாருங்கள்

நண்பர்களே, பிக்ஸட் கியர் சைக்கிளில் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை போகிறோம். ஞாயிறு காலை 5.30-க்கு மண்டபம் பக்கம், பாம்பன் சாலைப் பாலம் தொடங்கும் இடத்தில் கூடுவோம்.

புதிதாக வருபவர்களுக்கு: பிக்ஸட் கியரில் ஃப்ரீவீல் (மிதிக்காமலே சக்கரத்தை உருளவிடும் பாகம்) கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். பாலம் நடுவில் உயர்ந்து இறங்குகிறது. இறக்கத்தில் காலை நிறுத்தினால் பெடல் தூக்கி எறிந்துவிடும். அதனால் முன் பிரேக் இல்லாத வண்டி வேண்டவே வேண்டாம். ஷூ கயிற்றை உள்ளே செருகிவிடுங்கள்.

பல்சக்கரத்தில் முன்னால் 46 பல், பின்னால் 16 என்றால் பெடலின் ஒரு முழுச் சுற்றுக்குச் சக்கரம் ஏறக்குறைய 2.9 சுற்று. கச்சான் காற்று எதிரே அடித்தால் முட்டி தாங்காது. பின்னால் 18 பல் போடுங்கள், 2.6-க்கு இறங்கும்.

அப்புறம் கடல் உப்பு. போன வாரம் என் பின் பல்சக்கரத்தைக் கழற்ற அரை நாள் போனது. மரை முழுக்கச் செங்கல் பொடி மாதிரி துரு. கிரீஸ் தடவாமல் மாட்டக் கூடாது. பின் பல்சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் லாக் ரிங் இடது மரை, கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும்.

தனுஷ்கோடி தாண்டினால் சாலையில் மணல் கிடக்கும், அங்கே சறுக்கி நிறுத்தாதீர்கள். 15 எம்.எம். ஸ்பேனர், தண்ணீர் கட்டாயம்.