நிழல் விழாத கோபுரம்: பாலுவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாலு,

நலம், நலமறிய ஆவல். கடிதம் கிடைத்தது. பொங்கல் விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளைத் தஞ்சாவூருக்கு அழைத்து வருகிறாய் என்பதில் மகிழ்ச்சி. "பெரிய கோயில் நிழல் தரையில் விழாதாமே, நிஜமா சார்?" என்று அவர்கள் உன்னைக் குடைவதையும் எழுதியிருந்தாய். 'பொய்' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் நேற்று வரை கைடு சொன்னதை நம்பியவர்கள் நாளை முதல் நீ சொன்னதை நம்புவார்கள், அவ்வளவுதான் நடக்கும். அளந்து பார்க்க வை. அதற்கு வேண்டியதெல்லாம் ஒரு குச்சியும் ஒரு நாடாவும்தான்.

முதலில் பேச்சைப் பிரித்துக்கொள். 'நிழல் விழாது' என்று மூன்று பேர் சொன்னால் மூன்று பேரும் வேறு வேறு விஷயத்தைச் சொல்கிறார்கள். விமானத்துக்கு, அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரத்துக்கு, நிழலே கிடையாது என்பது ஒன்று. உச்சி வேளையில் மட்டும் விழாது என்பது இன்னொன்று. விமான நிழல் விழும், கலசத்தின் நிழல் மட்டும் விழாது என்பது மூன்றாவது. ஒன்றை மறுத்தால் அடுத்ததற்குத் தாவிக்கொள்வார்கள், வாதம் முடியவே முடியாது. யாரிடம் விசாரித்தாலும், "நீங்களே பார்த்தீர்களா, எந்த மாதம், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் நின்று?" என்று கேட்கச் சொல். பெரும்பாலும் "சொல்வாங்க" என்பதில் வந்து நிற்கும்.

முதல் பேச்சுக்குப் பிராகாரமே பதில் சொல்லும். மாலை நாலரை மணிக்குமேல் கிழக்குப் பக்கம் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்களே, அதில் பாதிப் பேர் விமானத்தின் நிழலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்துகொண்டே நிழல் விழாத கதையைக் குழந்தைக்குச் சொல்கிறவர்களும் உண்டு! ஊரிலிருந்து கிளம்பும் முன்பே சாட்டிலைட் மேப்பைத் திறந்து பார்க்கச் சொல். அந்தப் படங்கள் பெரும்பாலும் முற்பகலில் எடுத்தவை. குளிர்கால மாதத்துப் படமாக இருந்தால் கறுப்பான கூர்நிழல் வடமேற்கே நீண்டு கிடக்கும். ஒரு எச்சரிக்கை: சில படங்களில் விமானமே ஒரு பக்கம் சாய்ந்தாற்போலத் தெரியும், அது செயற்கைக்கோள் பார்த்த கோணம். அந்தச் சாய்ந்த உடலை நிழல் என்று எண்ணிவிடக்கூடாது.

இரண்டாவது பேச்சில்தான் விஷயம் இருக்கிறது. கதையில் கால்வாசி உண்மை என்றால் அது இங்கேதான்.

விமானத்தின் உயரம் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். 216 அடி, அதாவது 66 மீட்டர், என்பது வழக்கமாகச் சொல்வது. அளந்து வரைந்தவர்களின் கணக்கு 60 மீட்டரை ஒட்டி நிற்கிறது. நாம் 60 என்றே வைத்துக்கொள்வோம். அடி ஏறக்குறைய 30 மீட்டர்ச் சதுரம். ஆகவே உச்சிக்கு நேர் கீழான மையப்புள்ளியிலிருந்து எந்தப் பக்கச் சுவருக்கும் 15 மீட்டர். உச்சியின் நிழல் மையத்திலிருந்து 15 மீட்டருக்குள் விழுந்தால் அது தரையைத் தொடாது, விமானத்தின் உடம்பிலேயே விழுந்துவிடும். 60-க்கு 15 என்றால் சூரியன் தலைக்கு நேர்மேலிருந்து 14 பாகைக்குள் இருக்கவேண்டும். தஞ்சாவூர் 10.8 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்: ஏறக்குறைய மார்ச் 12 முதல் அக்டோபர் 1 வரை, உச்சி வேளையில் சூரியன் இந்த 14 பாகைக்குள்தான் நிற்கிறது. ஜூன் 21 அன்றுகூட வடக்கே 12.6 பாகைதான் விலகும், நிழல் தெற்கே பதின்மூன்றரை மீட்டர் போய்ச் சுவருக்குள்ளேயே நின்றுவிடும்.

ஆக, ஆண்டில் ஆறரை மாதம், நடுப்பகலில் உச்சியின் நிழல் தரைக்கு வருவதில்லை. சித்திரை வெயிலில் கால் சுடச் சுட நின்று பார்த்த ஒருவர் 'விழவில்லை' என்று சொல்லியிருந்தால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வேளையிலும் அடிச்சுவருக்கு நிழல் உண்டு. கீழ்ப்பகுதி இரண்டு நிலை உயரத்துக்குச் செங்குத்தாக எழுகிறது, சூரியன் வடக்கே இருந்தால் தெற்கிலும், தெற்கே இருந்தால் வடக்கிலும் சில மீட்டர் அகலத்துக்கு அதன் நிழல் தரையில் கிடக்கும். ஏப்ரல் 18, ஆகஸ்டு 25 ஆகிய இரண்டு நாள்களை ஒட்டி மட்டும் சூரியன் தஞ்சைக்கு நேர்மேலே வரும். அன்று பகல் 12.13-லிருந்து 12.16-க்குள் விமானத்துக்கு மட்டுமில்லை, பழைய பேருந்து நிலையத்து மின்கம்பத்துக்கும் நிழல் கிடையாது.

இது அகன்ற அடியும் கூரிய முடியும் உள்ள எந்தக் கட்டடத்துக்கும் பொருந்தும். கங்கைகொண்டசோழபுரத்து விமானத்துக்கு அடி ஏறக்குறைய இதே அளவு, உயரம் இதைவிடக் குறைவு. அந்தக் கணக்குப்படி அங்கே இன்னும் அதிக நாள்கள் உச்சி நிழல் கட்டடத்துக்குள்ளேயே அடங்கவேண்டும். ஆனால் அந்த ஊருக்கு இந்தப் பெயர் வரவில்லை. கதை ஒட்டிக்கொள்வதற்கு நிழல் மட்டும் போதாது, கூட்டமும் வேண்டும்போல.

இன்னொரு காரணம் கோயிலின் அமைப்பு. திறந்த முற்றம் சுமார் 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். அதன் மேற்குப் பாதியின் நடுவில் விமானம். மேற்குச் சுவருக்கு மையத்திலிருந்து 60 மீட்டர்தான். மார்ச் 21-ஐ எடுத்துக்கொள். காலை ஒன்பதரைக்கு முன் உச்சியின் நிழல் மதிலுக்கு வெளியே கிடக்கும், உள்ளே நிற்பவருக்குத் தெரியாது. பிறகு உள்ளே வந்து, கருவூர்த் தேவர் சன்னதி இருக்கும் பக்கமாக நகர்ந்து, பதினொன்று இருபது வாக்கில் விமானத்தின் அடியில் ஏறிவிடும். ஒன்று இருபதுக்கு மறுபக்கம் இறங்கும்போது அங்கே தரையே இல்லை, மண்டபங்களின் கூரை இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கிழக்கு வாசல் வழியாக வந்து, நந்தியைப் பார்த்து, மண்டபத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். நிழலின் நுனி தரையில் நடமாடும் இடத்துக்கு அந்த நேரத்தில் அவர்கள் போவதே இல்லை.

இனி அளக்கும் வழி. நாள் முக்கியம். மார்கழியில் நிழல் மிக நீளம், ஆனால் மேகம் காலை வாரிவிடும். பொங்கலுக்கு அடுத்த ஓரிரு நாள் சரியாக இருக்கும். மாட்டுப் பொங்கலன்று மட்டும் வேண்டாம். அன்று நந்திக்குக் காய்கனி அலங்காரம், கூட்டத்தில் நாடா பிடிக்க முடியாது. ஜனவரி 18 என்று வைத்துக்கொள். சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, 12.24-க்கு. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது, தஞ்சாவூர் 79.1 பாகையில் இருக்கிறது, அதனால் பதின்மூன்றரை நிமிடம் தாமதம். மேலும் பத்து நிமிடம், அந்த மாதத்தில் சூரியன் கடிகாரத்துக்குப் பிந்தி வருவதால். இதை விட்டுவிட்டு 12 மணிக்கு அளந்தால் நிழல் வடக்கே போகாமல் வடமேற்கே சாய்ந்திருக்கும். பகலில் நடை சாத்தும் நேரமும் கிட்டத்தட்ட அதுதான், பிராகாரத்தில் இருக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள். கேமரா ஸ்டாண்டெல்லாம் கொண்டுவராதே, தொல்லியல் துறை அனுமதி இல்லாமல் விடமாட்டார்கள். கைப்பேசி போதும்.

ஒரு மீட்டர் நேரான குச்சி. அதன் தலையில் நூலில் கல் கட்டித் தொங்கவிட்டால் நேராக நிற்கிறதா என்று தெரியும். குச்சி 5 பாகை சாய்ந்தால் நிழலில் 9 சென்டிமீட்டர் வரை பிழை வரும், அது உயரக் கணக்கில் 7, 8 மீட்டரைத் தின்றுவிடும். தளவரிசை மழைநீர் வடியச் சற்றே சரிவாக இருக்கும், அதனால் ஒரு பலகையை வைத்துத் தண்ணீர்ப் புட்டியைப் படுக்கவைத்துக் குமிழ் பார்த்துச் சமன்செய்து அதன்மேல் குச்சியை நிறுத்து. அன்று உச்சியில் ஒரு மீட்டர் குச்சிக்கு 61 சென்டிமீட்டர் நிழல் வரவேண்டும்.

பிள்ளைகளை இரண்டு அணியாக்கு. ஓர் அணி குச்சியிடம், மற்றது வடக்குத் திறந்தவெளியில், சண்டிகேசுவரர் சன்னதிப் பக்கம். விசில் ஊதியதும் இரண்டு அணியும் ஒரே நேரத்தில் சாக்கட்டியால் குறிக்கவேண்டும், அளந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடச் சொல். விமான நுனியின் நிழல் அந்த வேளையில் நிமிடத்துக்குச் சுமார் 29 சென்டிமீட்டர் கிழக்கே ஓடும், ஒரு சாணுக்கு மேல். சாவகாசமாகக் குறிக்க முடியாது.

பிறகு வடக்கு அடியின் வெளிவிளிம்பிலிருந்து குறிவரை நாடா பிடி. உயரம் 60 என்றால் அது 21 அல்லது 22 மீட்டர் வரும். எல்லோரும் தவறுவது இங்கேதான்: அதை அப்படியே 0.61-ஆல் வகுத்து விமானம் 35 மீட்டர் என்பார்கள். நிழல் புறப்படும் இடம் சுவர் இல்லை, உச்சிக்கு நேர் கீழான மையம். அடியின் அகலத்தைப் பிள்ளைகளே அளந்து அதில் பாதியைக் கூட்டவேண்டும். அப்போதுதான் முப்பத்தாறரை மீட்டர் கிடைத்து, 0.61-ஆல் வகுத்தால் 60-க்குப் பக்கத்தில் வரும். நிழலே விழாது என்ற கோபுரத்தை அதன் நிழலைக்கொண்டே அளந்துவிடுகிறார்கள்!

மூன்றாவது பேச்சு, கலசம். இதில் சூரியன் ஒரு புள்ளி இல்லை, அரைப் பாகை அகலமுள்ள வட்டம் என்பதுதான் சூட்சுமம். அன்றைக்கு உச்சியிலிருந்து தரைக்கு ஒளி வரும் தூரம் 70 மீட்டர். அந்தத் தூரத்தில் 65 சென்டிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள எந்தப் பொருளும் சூரியனை முழுதாக மறைக்காது, முழு இருட்டு நிழலும் தராது. கலசத்தின் மேல்கூர் அதனால்தான் தரையில் கரைந்துபோகிறது. சிகரத்தின் உருண்டை வரைக்கும் நிழல் தெளிவு, அதற்குமேல் சாம்பல் புகை. 'கலச நிழல் விழாது' என்றவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறார், காரணம்தான் வேறு.

இந்தப் புகைக்குள் கலசத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அட்டையில் 3 மில்லிமீட்டர் துளை போட்டு, ஒன்றரை அல்லது இரண்டு மீட்டர் உயரத்தில் பிடித்து, கீழே வெள்ளைத்தாள் விரி. தாளில் கட்டைவிரல் அகலத்துக்கு வட்டமான சூரியப் பிம்பம் விழும். புகைப் பகுதிக்குள் அட்டையை மெல்ல நகர்த்தினால் அந்த வட்டத்தில் கலசத்தின் உருவம் தலைகீழாகக் கறுப்பாக நுழையும். எவரும் நிமிர்ந்து சூரியனைப் பார்க்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடு. இந்த வேலையில் ஆபத்தென்றால் அது ஒன்றுதான்.

கல்வெட்டு என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தாய். நிழலைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. ராஜராஜன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்ததும், அது 3083 பலம் எடை என்பதும், அதன்மேல் போர்த்திய பொன் 2926½ கழஞ்சு என்பதும் வெட்டியிருக்கிறது (பலமும் கழஞ்சும் அந்தக் கால எடையளவுகள்). கோயில் பணிக்கு அமர்த்திய ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும் வீட்டு இலக்கமும் இருக்கிறது. அரைக் கழஞ்சுக்குக் கணக்கு எழுதியவன் நிழலை மறைத்துக் கட்டியிருந்தால் விட்டிருப்பானா என்று தோன்றுகிறது. ஆனால் இதை ஆதாரமாக வைக்காதே. எழுதவில்லை என்பது நடக்கவில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது, நாடாதான் சாட்சி. கல்வெட்டின் மதிப்பு வேறிடத்தில்: கோயிலைக் கட்டியது கரிகாலன் என்று தலபுராணம் சொல்லிக்கொண்டிருந்தது. 1880-களில் கல்வெட்டு ஆய்வாளர் ஹுல்ட்ஷ் இவற்றைப் படித்த பிறகுதான் ராஜராஜன் பெயர் நிலைத்தது. கட்டியவனையே மாற்றிச் சொன்ன ஊர்வாய்க்கு நிழல் எம்மாத்திரம்!

உச்சியில் 80 டன் ஒற்றைக்கல், சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாரம் கட்டி ஏற்றினார்கள் என்பதையும் பிள்ளைகள் கேட்பார்கள். பைனாக்குலர் கொண்டு வா. சிகரம் பல துண்டுகளைச் சேர்த்துச் செய்தது என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள், வெயில் சாய்ந்திருக்கும்போது இணைப்புக்கோடுகளைத் தேடச் சொல். கல் நந்தி வளர்ந்துகொண்டே போனது என்ற கதையை விட்டுவிடு. இந்த நந்தி நாயக்கர் காலத்தது, ராஜராஜனோடு அதற்குச் சம்பந்தமில்லை.

நாடா என்னிடம் 30 மீட்டர் நீளத்தில் இருக்கிறது, அதை நான் கொண்டுவருகிறேன். குச்சி, அட்டை, சாக்கட்டி உன் பொறுப்பு. வெயில் தளத்தில் செருப்பில்லாமல் நிற்கவேண்டும், பிள்ளைகளுக்குக் காலுறை எடுத்துவரச் சொல். எத்தனை பேர் வருகிறார்கள் என்று எழுது, சாப்பாட்டுக்குச் சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
ராமு