வண்டிகளை எண்ணியாயிற்று, தண்ணீரையும் எண்ணுங்கள்

மதிப்பிற்குரிய கொடைக்கானல் மலை விடுதி உரிமையாளர்களுக்கு,

வணக்கம். போன வாரம் விடியற்காலை நாலு மணிக்கு எங்கள் ஊர் ஓடையோரம் ஒரு லாரி வந்து நின்றது. மடுவில் ஹோஸை இறக்கி, மோட்டாரைப் போட்டு, டேங்கை நிரப்பிக்கொண்டு போய்விட்டது. ஆறு மணிக்குக் குடத்தோடு போன என் அம்மாவுக்குக் கிடைத்தது கலங்கல்தான். தெளியட்டும் என்று பாறையில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் சிரட்டையால் மொண்டு மொண்டு, துணியில் வடிகட்டி, ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம் ஆனது. அவருக்கு வயது 63.

லாரி எந்த விடுதிக்குப் போனது என்று உங்களுக்குத் தெரியும். பெயர் சொல்லிச் சண்டை போட இதை எழுதவில்லை. கேட்பது ஒன்றுதான்: ஊர் குடிக்கிற ஓடையில் லாரியை இறக்காதீர்கள்.

சுற்றுலாவே வேண்டாம் என்பவன் அல்ல நான். என் தம்பி சுற்றுலா ஜீப் ஓட்டுகிறான். பூண்டு விலை விழுந்த வருஷம் அவன் சம்பாத்தியத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. வருகிறவர்கள் நாலு நாள் இருந்து, எங்களைப் போலச் சிக்கனமாகத் தண்ணீர் புழங்கிப் பார்த்துவிட்டுப் போனால் அவர்களுக்கும் நல்லது. ஆனால் 'இயற்கையோடு வாழுங்கள்' என்று வாசலில் பலகை வைத்துவிட்டு, உள்ளே அறைக்கு அறை குளியல் தொட்டி வைத்தால் அவர்கள் எதைக் கற்றுக்கொண்டு போவார்கள்?

2024 மே மாதம் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து வார நாளில் 4000, வார இறுதியில் 6000 வண்டிகள்தான் என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. சரி, வண்டிக்குக் கணக்கு வந்துவிட்டது. அதில் வந்தவர்கள் புழங்கும் தண்ணீருக்கு உங்களில் யாரிடம் கணக்கு இருக்கிறது? மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமானது. இரண்டு பருவமழையும் பெய்கிற மலை இது. உங்கள் கூரையில் விழுவதைப் பிடித்து வைக்கப் பெரிய தொட்டி கட்டுங்கள். இதை எத்தனை தடவை சொல்வது?

கோபத்தில் எழுதியது அதிகமாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மே மாதக் கூட்டம் வருவதற்குள் உங்கள் சங்கத்தில் பேசி, ஓடைக்கு லாரி அனுப்புவதை நிறுத்தும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சந்தேகம் இருந்தால் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வாருங்கள். அம்மா அங்கேதான் இருப்பார்.

இப்படிக்கு,
மேல்மலைக் கிராமத்தான் ஒருவன்